கண்ணாடி மாளிகையும் காய்ந்த தொண்டையும்

நள்ளிரவு. சென்னை மீனம்பாக்கம், பன்னாட்டு விமான முனையத்தின் வாயில். தடுப்புக் கம்பிக்கு இப்புறம் ஒரு குடும்பம் நிற்கிறது. இராமநாதபுரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பகலெல்லாம் பயணம் செய்து வந்த குடும்பம். மகன் துபாய்க்குப் போகிறான். கம்பி கட்டும் வேலை. தாய் புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவன் கையில் திணிக்கிறாள். தந்தை ஒரு புட்டி நிறையத் தண்ணீர் தருகிறார். இளம் மனைவி ஏதும் தரவில்லை. அவள் கழுத்தில் கிடந்த சங்கிலிதான் ஏற்கெனவே விமானச் சீட்டாக மாறி அவன் சட்டைப் பையில் இருக்கிறதே!

உள்ளே செல்கிறான். பாதுகாப்புச் சோதனை. தந்தை தந்த தண்ணீர்ப் புட்டி பறிக்கப்பட்டுத் தொட்டியில் எறியப்படுகிறது. சட்டம் அப்படி. 2006 ஆகஸ்டில், திரவ வெடிமருந்து கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி இலண்டனில் வெளிப்பட்டது. அதன் பின், பன்னாட்டு விமானம் ஏறுவோர் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் எந்தத் திரவத்தையும் உடன் கொண்டு செல்லலாகாது என்ற விதி உலகெங்கும் பரவிற்று. உயிர் காக்கும் விதி. அதை நாம் குறை கூறவில்லை.

ஆனால் தோழர்களே, சோதனைச் சாவடியைத் தாண்டிப் பத்தடி நடந்தால், அங்கே ஒரு கடை. கடையில் கண்ணாடிப் பேழை. பேழைக்குள், குளிரூட்டப்பட்டு, விளக்கொளியில் மின்னுகிறது, தண்ணீர்! வெளியே பறிக்கப்பட்ட அதே தண்ணீர்! விலையைக் கேட்டவன் விக்கித்து நிற்கிறான். விக்கலுக்குக் குடிக்கவும் அந்தத் தண்ணீரைத்தான் வாங்கியாக வேண்டும்!

அரசின் பெயரால் ஒரு கை தண்ணீரைப் பறிக்கிறது. வாணிகத்தின் பெயரால் மறு கை அதை விற்கிறது. பறித்தது பாதுகாப்பு என்றால், விற்பதற்குப் பெயர் என்ன? இதுதான் இன்று நாம் கேட்கப் போகும் கேள்வி.

"குடிநீர்க் குழாய் இல்லவே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெரும்பாலும் கழிப்பறையை ஒட்டிய மூலையில் இருக்கிறது. தேடத் தெரிந்தவனுக்கு இருக்கிறது. கடைக்கு வழிகாட்டும் பலகை ஆளுயரம். குழாய்க்கு வழிகாட்டும் பலகை கையகலம். வெறும் புட்டியைக் கொண்டு சென்றால் உள்ளே நிரப்பிக் கொள்ளலாம் என்பது அடிக்கடி பறப்பவர்க்குத் தெரியும். முதன்முறை கடல் கடப்பவனுக்கு அதை யார் சொன்னார்கள்?

ஏழையின் வாய்ச்சொல் எடுபடாது என்றால், பெரியவர் ஒருவரின் சான்றையே காட்டுகிறேன். 2018 மார்ச்சில், இந்திய நாட்டின் நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம், இதே சென்னை விமான நிலையத்துக் கடையொன்றில் தேநீர் கேட்டார். வெந்நீரும் தேயிலைப் பையும் தருவோம், விலை 135 ரூபாய் என்றார்கள். திகைத்துப் போய், வேண்டாமென்று சொல்லிவிட்டதாக அவரே வெளிப்படையாக எழுதினார். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கோடிகளுக்கு வரவு செலவுத் திட்டம் போட்டவர்க்கே ஒரு கோப்பைத் தேநீர் திகைப்பூட்டியது என்றால், கம்பி கட்டப் போகிறவனுக்கு அது எப்படி இருக்கும்?

ஒரே பொருளுக்கு ஊருக்குள் ஒரு விலை, விமான நிலையத்தில் ஒரு விலை என்று இருவகையாக அச்சிடுவதை 2018 ஜனவரி 1 முதல் விதி தடுக்கிறது. மகிழ்ச்சி! ஆனால் உணவு விடுதிகள் அச்சிட்ட விலைக்கு மேலும் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே இருக்கையும் பணிவிடையும் சேர்த்தே தரப்படுகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். சரி, விமான நிலையத்தில் அந்த இருக்கைக்கும் பணிவிடைக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள்? பயணிதான்! அதுவும் உள்ளே நுழையுமுன்பே! விமானச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கட்டணத்தின் அடியில், சிறிய எழுத்தில், 'பயனர் மேம்பாட்டுக் கட்டணம்' என்றொரு வரி இருக்கும். முனையத்தின் தரைக்கும் கூரைக்கும், நாற்காலிக்கும் விளக்குக்கும் பயணி தந்த காசு அது. முன்பே விலை கொடுத்து வாங்கிய நிழலில் நின்று, தண்ணீருக்கு இரண்டாம் முறை விலை கொடுக்கிறான். கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவனிடமே செருப்பு வைக்கவும் காசு கேட்பது போன்றதன்றோ இது?

இனி, இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பார்ப்போம். உணர்ச்சியால் மட்டும் பேசினால் ஓய்ந்து போவோம். கணக்கால் பேசினால் எதிரி ஓய்வான்.

2006இல் டில்லி, மும்பை விமான நிலையங்கள் தனியார் கூட்டுக்குத் தரப்பட்டன. எவர் வருவாயில் மிகுந்த பங்கு தருவதாக ஒப்புகிறாரோ அவருக்கே நிலையம் என்பது ஏலத்தின் அடிப்படை. டில்லிக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பங்கு 45.99 விழுக்காடு, மும்பைக்கு 38.7 விழுக்காடு. "அரசுக்குத்தானே போகிறது, நல்லதுதானே!" என்று சொல்லத் தோன்றும். சற்று நில்லுங்கள். நூறு ரூபாய் வந்தால் கிட்டத்தட்ட நாற்பத்தாறு ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியில் நிலையத்தை நடத்தி, ஆதாயமும் பார்க்க வேண்டுமென்றால் நூறு ரூபாயை இருநூறாக்கும் வழியைத்தானே ஒருவன் தேடுவான்? அந்த வழி எது? கடை வாடகை. கடைக்காரன் அந்த வாடகையை எங்கே தேடுவான்? தேநீர்க் கோப்பையில்!

மேலே ஏலம் ஏற ஏற, கீழே வடையின் விலை ஏறுகிறது. இடையில் எத்தனை கை மாறினாலும் இறுதியில் திறக்கப்படுவது பயணியின் பை ஒன்றுதான்.

"கடை வருவாய் கூடினால் பயணிக் கட்டணம் குறையுமே, அது பயணிக்கு ஆதாயமன்றோ?" என்று மெத்தப் படித்த மேதைகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, விடையையும் கேட்கட்டும். 2016ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை என்ன சொல்கிறது? கடை, வாகன நிறுத்தம், விளம்பரம் முதலிய வருவாயில் 30 விழுக்காட்டை மட்டுமே கட்டணக் குறைப்புக்குக் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. மிச்சம் 70? அது நிலையத்தை நடத்துவோர்க்கு! தேநீர்க்கடை தரும் வாடகை நூறு ரூபாயென்றால், அதில் முப்பது ரூபாய் அளவுக்கே பயணிகள் அனைவர்க்கும் பங்கிட்டுத் தரும் சலுகை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறார்கள், எடுத்ததைச் சொல்வதில்லை.

ஆகவேதான் முனையத்தின் அமைப்பே அங்காடியின் அமைப்பாகிவிட்டது. தீர்வையில்லாக் கடை என்ற புதுமை 1947இல் அயர்லாந்து நாட்டு ஷானன் விமான நிலையத்தில் தொடங்கிற்று. அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கும். காத்திருக்கும் நேரத்தில் பயணிகள் எதையேனும் வாங்கட்டுமே என்று தொடங்கிய சிறு கடை அது. அன்று காத்திருப்போர்க்காகக் கடை இருந்தது. இன்று கடைக்காகக் காத்திருப்போர் இருக்கிறார்கள்! சோதனை முடித்துவிட்டு விமான வாயிலுக்குச் செல்ல வேண்டுமென்றால் நறுமணப் புட்டிகளுக்கும் மதுப் புட்டிகளுக்கும் நடுவே வளைந்து நெளிந்துதான் நடக்க வேண்டும் என்று வழியமைப்பது, இன்று உலகமெங்கும் கட்டடக் கலையின் இலக்கணமாகிவிட்டது. நாற்காலி வாடகை தராது, கடை தரும். எனவே நாற்காலி சுருங்குகிறது, கடை விரிகிறது. முதியவர் ஒருவர் தம் கைப்பையின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கெதிரே ஐயாயிரம் ரூபாய்க் கைக்கடிகாரம் பஞ்சணையில் படுத்திருக்கிறது!

நம் சென்னை நிலையம் இன்னும் பொதுத்துறையான இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில் இருக்கிறது. அதைக் காக்க வேண்டும் என்பதே நம் நிலை. காக்க வேண்டுமென்று சொல்பவனுக்குத்தான் குறை சொல்லும் உரிமையும் கடமையும் உண்டு. 2023 ஏப்ரல் 8 அன்று, 1,260 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த புதிய ஒருங்கிணைந்த முனையத்தின் முதற்கட்டத்தைத் தலைமை அமைச்சர் திறந்து வைத்தார். ஆண்டுக்கு 2.3 கோடிப் பயணிகளைத் தாங்கிய நிலையம் 3 கோடிப் பேரைத் தாங்கும் என்றார்கள். உள்ளே கோலம் தீட்டினார்கள், கோயிற்கலை காட்டினார்கள், சேலை வண்ணம் சேர்த்தார்கள். அழகுதான், மறுப்பார் யார்? அதற்கு முன், 2013இல் திறந்த முனையங்களில் கண்ணாடிப் பலகையும் கூரைப் பலகையும் பெயர்ந்து விழுந்ததாக எத்தனை முறை ஏடுகளில் செய்தி படித்தோம்! இந்த முறை கூரை நிலைக்கட்டும் என்று வாழ்த்துவோம். வாகன நிறுத்தக் கட்டடத்திலே ஐந்து திரைகள் கொண்ட திரையரங்கமும் 2023இல் வந்தது. விமான நிலைய வளாகத்தில் சினிமாக் கொட்டகை! பார்க்கட்டும், மகிழட்டும். நாம் கேட்பது ஒன்றுதான். ஐந்து திரைக்கு இடம் கண்ட கண்களுக்கு, ஒவ்வொரு விமான வாயிலிலும் ஐந்தடி இடம், ஒரு குடிநீர்க் குழாய்க்காகத் தென்படாதா?

பெயர்களையும் எண்ணிப் பாருங்கள் தோழர்களே! இந்நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. பன்னாட்டு முனையத்துக்கு அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டது. யார் இவர்கள்? ஒருவர் பள்ளிப் பிள்ளையின் பசி பொறாது, 1956இல் மதிய உணவுத் திட்டத்தை அரசின் திட்டமாக்கியவர். மற்றவர் ஆட்சிக்கு வந்த 1967ஆம் ஆண்டிலேயே ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் வழங்கத் தொடங்கியவர். சோறிட்ட இருவர் பெயரைத் தாங்கிய கூடத்தில் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஒரு நாள் கூலி கேட்கப்படுகிறது! பெயர்ப் பலகைக்கு வாய் இருந்தால் என்ன சொல்லும்?

உணவும் நீரும் மட்டுமா? சொல்லும் ஒரு வசதிதான். தாய்மொழியில் ஒரு சொல்! "உன் விமானம் வந்துவிட்டது, இந்த வாயிலுக்குப் போ" என்ற ஒரு சொல். வட்டார மொழியிலே முதலில் அறிவிப்புச் செய்ய வேண்டும், பிறகே இந்தியும் ஆங்கிலமும் என்று 2018 டிசம்பரில் ஒன்றிய அரசே அறிவுறுத்தியது. நல்ல அறிவுரை. ஆனால் அண்மைக் காலத்தில் 'ஓசையில்லா விமான நிலையம்' என்றொரு நாகரிகம் பல நகரங்களில் பரவி வருகிறது. ஒலிபெருக்கி வாய்மூடும், திரையைப் பார்த்துக் கொள்ள வேண்டும். ஆங்கிலம் அறிந்தவருக்கு அமைதி இனிக்கும். பத்தாம் வகுப்பும் தேறாமல், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி தனி அனுமதி பெற்று வளைகுடா செல்கிறானே உழைப்பாளி, அவனுக்கு அந்த அமைதி செவிட்டு இருட்டு! தமிழ் எழுத்து திரையில் வருமுன் ஆங்கில எழுத்து வந்து போய்விட்டால், பார்த்தவனுக்கு விமானம், பாராதவனுக்குப் பரிதவிப்பு.

2020 ஆகஸ்டில், நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி இதே சென்னை விமான நிலையத்தில், ஆங்கிலத்திலோ தமிழிலோ பேசுமாறு பாதுகாப்புப் படை அலுவலர் ஒருவரிடம் கேட்டபோது, இந்தி தெரியாத நீங்கள் இந்தியர்தாமா என்று தம்மிடம் வினவப்பட்டதாக வெளியிட்டார். விசாரணைக்கு ஆணையிடப்பட்டது. மக்களவை உறுப்பினர், கேட்டவுடன் நாடே கேட்டது. அதே கேள்வியை ஒரு கொத்தனாரிடம் கேட்டால் எந்த ஏடு எழுதும்? எந்த விசாரணை நடக்கும்? அவன் தலை குனிவான், வரிசையில் நகர்வான். குனிந்த தலைகளுக்காகத்தான் நாம் பேசுகிறோம்.

போக்குவரத்தையும் பாருங்கள். எதிரே திரிசூலம் தொடர்வண்டி நிலையம். 2016 செப்டம்பர் முதல் வாயிலருகே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. பாராட்டுவோம். ஆனால் வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அல்லவா ஏறி இறங்குகின்றன? அந்நேரம் மெட்ரோ உறங்குகிறது. ஆகவே மாலையிலேயே வந்து காத்திருக்கிறது அந்தக் குடும்பம். எங்கே? நடைபாதையில்! வழியனுப்ப வந்தோர்க்குக் கூரையும் இருக்கையும் தருவது அருளா, அடிப்படைக் கடமையா?

"விமானத்தில் பறக்கிறவனுக்கு நூறு ரூபாய் ஒரு பொருட்டா?" என்று கேட்கும் ஆணவக் குரலும் உண்டு. ஐயா, விமானம் ஏறுவோரெல்லாம் சீமான்கள் என்ற காலம் மலையேறிவிட்டது. நிலத்தை ஈடு வைத்து, நகையை விற்று, தரகனுக்கும் தண்டமழுதுவிட்டு ஏறுகிறவனுக்கு விமானம் ஆடம்பரமன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போன நம் பாட்டன்மார்களின் அதே பயணம்தான் இது. கலம் மாறியிருக்கிறது, காரணம் மாறவில்லை.

சரி, மாற்ற முடியாததா இந்நிலை? முடியும். முடிந்திருக்கிறது! 2017 ஜூலை 1க்கு முன்பெல்லாம் வெளிநாடு செல்லும் இந்தியர் ஒவ்வொருவரும் புறப்பாட்டுச் சீட்டு ஒன்றை நிரப்பித் தர வேண்டும். எழுதத் தெரியாத உழைப்பாளி, கடவுச்சீட்டைக் கையில் ஏந்தி, கோட்டு அணிந்தோரிடமெல்லாம் "எழுதித் தாருங்கள் ஐயா" என்று கெஞ்சிய காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அந்தச் சீட்டு ஒழிக்கப்பட்டது. வானம் இடிந்தா விழுந்தது? விமானங்கள் பறந்துகொண்டுதானே இருக்கின்றன?

இன்னொன்றும் கேளுங்கள். 2024 டிசம்பரில் விமான நிலைய விலைகள் குறித்து மாநிலங்களவையில் குரல் எழுந்தது. அதே மாதம் கொல்கத்தா விமான நிலையத்தில் விமான நிலைய ஆணையமே மலிவு விலைச் சிற்றுண்டிக் கடை ஒன்றைத் திறந்தது. தேநீர் 10 ரூபாய். தண்ணீர் 10 ரூபாய். சமோசா 20 ரூபாய். 2025 பிப்ரவரி 27 அன்று சென்னையிலும் அத்தகைய கடை திறக்கப்பட்டது. பத்து ரூபாய்க்குத் தேநீர்! எனில், இத்தனை ஆண்டுகளாக 'முடியாது, முடியாது' என்றார்களே, அது எந்தக் கணக்கு? பத்து ரூபாய்த் தேநீர், பழைய விலைப்பட்டியல் அனைத்துக்கும் எதிரான சாட்சி!

ஆனால் அந்தக் கடை திறக்கப்பட்டது உள்நாட்டு முனையத்தில். கடல் கடப்பவன் மணிக்கணக்கில் காத்திருப்பதோ பன்னாட்டு முனையத்தில். கூடம்தோறும் ஒன்று, சோதனையைத் தாண்டிய பின்னும் ஒன்று என்று அது பெருக வேண்டும். காட்சிப் பொருளாக ஒரு கடை போதாது. கண்துடைப்பு தாகம் தீர்க்காது.

கேரளத்தைப் பாருங்கள். 1999இல் திறக்கப்பட்ட கொச்சி விமான நிலையம், மாநில அரசும் கடல் கடந்து உழைத்த மக்களும் பணம் போட்டு எழுப்பியது. 2024 செப்டம்பரில் அங்கே பொதுமக்களும் தங்கக் கூடிய கட்டணக் குறைவான ஓய்வகம் திறந்தார்கள். மறுபக்கம், அதே கேரளத்தில் திருவனந்தபுரம் என்னவாயிற்று? 2019 ஏலத்தில் பயணி ஒருவர்க்கு 135 ரூபாய் தருவதாக மாநில அரசு நிறுவனம் கேட்டது. 168 ரூபாய் என்ற அதானி குழுமத்துக்கு 50 ஆண்டுகளுக்குப் போயிற்று. அந்தச் சுற்றில் ஏலம் விடப்பட்ட நிலையங்கள் ஆறு. ஆறும் சென்றது அந்த ஒரே குழுமத்துக்கு! 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட பணமாக்கல் பட்டியலில் 25 விமான நிலையங்கள் இடம்பெற்றன. அவற்றில் சென்னை உண்டு, திருச்சி உண்டு, மதுரை உண்டு, கோவையும் உண்டு! பட்டியல் காகிதத்தில் இருக்கும்போதே நாம் விழித்துக் கொள்ள வேண்டும். பயணித் தலைக்கு இத்தனை ரூபாய் என்று ஏலம் கூவிய பின்னர், அந்தத் தலை ஆளின் தலையாக மதிக்கப்படுமா, ஆட்டுத் தலையாக எண்ணப்படுமா?

நாம் கேட்பது மிகை அன்று. ஒவ்வொரு விமான வாயிலிலும் கண்ணில் படும்படி குடிநீர். சோதனையைத் தாண்டிய கூடத்திலும் பத்து ரூபாய்த் தேநீரும் எளிய உணவும். கடைக்கு முன் நாற்காலி. தமிழில் அறிவிப்பு, தமிழ் பேசும் உதவி மேசை, தமிழ் புரியும் சோதனை அலுவலர். வழியனுப்ப வந்தோர்க்கு நிழலும் இருக்கையும். இரவுப் பயணிக்குப் பேருந்து. கடைகள் கூடா என்று நாம் கூறவில்லை. விரும்பியவன் வாங்கட்டும், வைரமே வாங்கட்டும்! தேவை வேறு, விருப்பம் வேறு. விருப்பத்தை விற்கலாம், தேவையை விற்கலாகாது. இக்கோடு அழிந்தால் நிலையம் சந்தையாகும், பயணி சரக்காவான்.

சரக்கு என்றேன். அச்சொல் என்னை ஓரிடத்துக்கு இட்டுச் செல்கிறது. இளைஞர்கள் கண்ணாடி வாயில் வழியே போகிறார்கள். எல்லாரும் அவ்வழியே திரும்புவதில்லை. பாலையின் வெயிலிலும் சாரத்தின் உயரத்திலும் உயிரிழந்தவர்கள், பெட்டிக்குள் அடைபட்டு, சரக்ககத்தின் வாயில் வழியே திரும்புகிறார்கள். அன்று கம்பிக்கு அப்பால் நின்று கையசைத்த அதே தாய் அந்த வாயிலில் நிற்கிறாள். புறப்பட்ட இரவில், தந்தை கொடுத்த தண்ணீர் மகனிடமிருந்து பறிக்கப்பட்டதும், அவன் தொண்டை காய்ந்தபடியே விமானம் ஏறியதும் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் தோழர்களே! ஆனால் நமக்குத் தெரியும்.

தெரிந்த நாம் என்ன செய்யப் போகிறோம்? விமான நிலையத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு உண்டு. அதில் மக்கள் பிரதிநிதிகள் உண்டு. ஊர்தோறும் வெளிநாடு சென்று வந்தவர் உண்டு. அவர்களைத் தேடுங்கள், எந்த விலை கொடுத்தார்கள், எங்கே நின்றார்கள், எந்தச் சொல் புரியாமல் தவித்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒன்றல்ல, ஆயிரம் எழுதி வாங்குங்கள். அவற்றைக் குழுவின் மேசையில் வையுங்கள். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர் கையில் கொடுங்கள். ஒரு குரலுக்குப் பத்து ரூபாய்த் தேநீர் வந்தது. ஓராயிரம் குரலுக்கு ஒரு குவளைத் தண்ணீர் வராமலா போகும்?